துளையா தகடா

மரத்தைத் தின்னும் காளானுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேலை முடிகிற வரைக்கும் அது தன் பெயரைச் சொல்லாது. நாம் காளான் என்று பார்க்கிற குடையும் செதிலும் அதன் கனிதான். உண்மையான காளான் மரத்துக்குள்ளே நூல் நூலாக ஓடிக்கொண்டிருக்கும். கனியைப் பறித்துத் திருப்பி, அடிப்பக்கம் ஊசி குத்தின மாதிரி துளை துளையாக இருக்கிறதா, புத்தகத்தின் ஓரம் மாதிரி தகடு தகடாக நிற்கிறதா என்று பார்த்தால்தான் இன்ன குடும்பம், இன்ன இனம் என்று பிரிக்க முடியும். வெறும் நூலை வைத்துக்கொண்டு பெயர் சொல்கிறவன் கிளி ஜோசியக்காரன் என்பது ஜெகபர் சாதிக்கின் கட்சி. அவர் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். மதுரையில் நடந்த ஒரு கூட்டத்தில், கனியைப் பார்க்காமலே பெயர் வைத்துவிட்ட பெரிய பேராசிரியர் ஒருவரை எழுந்து நின்று கேள்வி கேட்டு மூக்கை உடைத்தவர். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது.

ஊருக்குள் அவருக்குக் காளான் சார் என்று பெயர். ஆராய்ச்சிப் பட்டத்துக்காகப் புதுவயல் அரிசி மில்களின் பழைய தூண்கள், மரக்கடை அடிக்கட்டைகள் என்று எதையும் விட்டுவைக்காமல் செதுக்கிக்கொண்டு வந்து வீட்டை நிரப்பியிருந்தார். "மச்சான், ஒங்க காளானு நம்ம கட்டில்ல ஏறுச்சுன்னா நான் எங்க வாப்பா வீட்டுக்குப் போயிருவேன்" என்று அவர் மனைவி நபீஸா சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

அறுபத்தாறாம் வருஷம், மழைக்காலம் முடிகிற சமயம், கொத்தமங்கலத்திலிருந்து குமரப்பச் செட்டியார் ஒரு துண்டில் எதையோ முடிந்துகொண்டு அவரைத் தேடி வந்தார். அவிழ்த்தால் கைப்பிடி அளவு மரத்தூள். தூளில்கூட ஒரு ஒழுங்கு. தண்ணீர் வற்றிய கண்மாயில் வண்டல் வெடித்துக் கிடக்குமே, அப்படிக் கட்டம் கட்டமாக உடைந்த துண்டுகள். சாதிக் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். மாவாகப் போனது.

"இது எங்க இருந்துச்சு அண்ணே?"

"வளவு உத்தரத்துல சார். தூசி தட்டயில கொட்டுச்சு. கரையான்னு நெனச்சு மருந்தடிச்சோம். கரையான் இல்லங்கிறாக. நீங்கதான் பாக்கணும்."

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒருவர் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரம். இதைத்தான் வளவு என்பார்கள். தாழ்வாரத்தையொட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும் ஓர் அறை, அதற்கு ஒரு பூட்டு, சாவி அவர்கள் கையில். அப்படி ஒரு தம்பதியை ஒரு புள்ளி என்று கணக்கு வைத்தார்கள். புள்ளிகள் மலேயாவிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்தார்கள். வீட்டில் இருந்தது குமரப்பனும் அவர் மனைவி விசாலமும் மட்டும். வீடு எல்லாருக்கும் பொது, கூட்டிப் பெருக்குவது இவர்கள் இருவருக்கும் என்று எழுதாத ஏற்பாடு. அடுத்தவர் பூட்டில் கை வைப்பது என்பது அந்தக் குடும்பத்தில் கனவிலும் நடக்காது. பூட்டின சொந்தக்காரர் செத்துப்போனால்கூட மகன் வந்துதான் திறக்க வேண்டும்.

சாதிக் ஏணி போட்டு ஏறி உத்தரத்தைப் பார்த்தார். வெளியே மெருகு போட்டது போட்டபடி பளபளவென்று இருந்தது. பேனாக் கத்தியைச் சும்மா அழுத்தினார். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. உத்தரத்தின் ஒரு முனை, பூட்டிக் கிடந்த ஓர் அறையின் சுவருக்குள் போய் மறைந்தது. அந்த மூலையில் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி காளான் நூல் கசிந்திருந்தது.

"இது யாரு ரூம்பு?"

"எங்க பெரியப்பச்சி மகன் அண்ணன் ரூம்பு. மலேயாவுல, ஈப்போவுல இருக்காக. மேல ஓடு ஒடஞ்சு தண்ணி எறங்கியிருக்கு. ஓட்ட மாத்திட்டேன். உள்ள போயி பாக்கத்தான் வழியில்ல."

சாதிக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே இறங்கிய ஈரம் காற்றுப் படாமல் அடைந்து கிடக்கிறது. மரத்தை அழுகவைக்கும் காளானில் இரண்டு சாதி. ஒன்று மரத்தை வெளுத்த நாராக ஆக்கிவிடும். அதில்கூட மரம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று மரத்துக்குப் பலம் தருகிற சத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு பழுப்புச் சக்கையை விட்டுவைக்கும். பார்வைக்கு மரம் மரமாகவே நிற்கும், தாங்கத்தான் தாங்காது. இது அந்தப் பழுப்பு அழுகல். அறையைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, உத்தரத்தை மாற்ற வேண்டும். அதுவரைக்கும் கீழே ஒரு முட்டாவது கொடுக்க வேண்டும். இதை அவர் சொல்லச் சொல்ல, விசாலம் ஆச்சி அந்த உத்தரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து சுண்டைக்காய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். முற்றத்து வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும்.

"ஆச்சி, அங்குட்டுத் தள்ளி ஒக்காருங்க" என்றார் சாதிக்.

"இருக்கட்டும் தம்பி. இவரும் இந்த வீட்டுல ஒரு புள்ளிதான். மத்தவுக எல்லாம் வருஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்குறாக. இவரு ஒருத்தருதான் ஒழுங்கா வீட்டோட இருக்காரு." உத்தரத்துக் காளானைக் காட்டிச் சொல்லிவிட்டு, "காப்பி சாப்பிடுறீகளா?" என்று எழுந்து போனாள். திரும்பி வந்து அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

மறுநாளே குமரப்பன் ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டார். ஈப்போவுக்கும் கடிதம் போனது. சாவியும் வரவில்லை, சம்மதமும் வரவில்லை. எதுவானாலும் மாசிப் படைப்பன்று என் தம்பி அழகுசுந்தரத்திடம் பேசிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. படைப்பு என்பது குடும்பத்தின் முன்னோர்களைக் கும்பிடும் நாள். பங்காளிகள் எல்லாரும் கூடுவது அன்றைக்குத்தான். அழகுசுந்தரம் சிவகங்கையில் வக்கீல். ஆள் கெட்டவர் இல்லை. கோர்ட்டை வீட்டில் கழற்றி வைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

குமரப்பன் கேட்டுக்கொண்டதால் சாதிக்கும் படைப்புக்குப் போனார். வளவில் ஜமுக்காளம் விரித்துப் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். சாருக்கு மரியாதையாக ஒரு நாற்காலி. அழகுசுந்தரம் முதலில் பார்த்தது உத்தரத்தை அல்ல, முட்டுக் கொடுத்த பனங்கட்டையைத்தான்.

"வளவுல முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கியே குமரப்பா, பாக்குறவுக என்ன நெனப்பாக? நொடிச்ச வீடுன்னு சொல்ல மாட்டாகளா? ஆவணியில எம் மகளப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரவுக இங்கதான் வாராக."

"மரம் போச்சுண்ணே. சாரு பாத்துட்டுத்தான் சொன்னாக."

அழகுசுந்தரம் நாற்காலிப் பக்கம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது. "சார் இதுலயே ஆராய்ச்சி பண்றவுக. ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. இது என்ன காளானு?"

"பழுப்பு அழுகல் பண்றதுங்க. உத்தரம் தாங்காது. அந்த ரூம்பத் தொறந்து…"

"அது இருக்கட்டும். நான் கேட்டது பேரு. ஒங்க சாஸ்திரத்துல இதுக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல?"

அந்த இடத்தில் வாயில் வந்த ஒரு லத்தீன் பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அங்கே இருந்த யாருக்கும் லத்தீன் தெரியாது. எந்தப் பேராசிரியரும் மதுரையிலிருந்து வந்து மூக்கை உடைக்கப் போவதில்லை. ஆனால் பெயர் என்று கேட்டதுமே சாதிக் வகுப்பறைக்குப் போய்விட்டார்.

"போரியாவா இருக்கலாம். லென்சைட்டிஸா இருக்கலாம். அடியில துளையா தகடான்னு பாக்கணும். கனி அனேகமா அந்த ரூம்புக்குள்ளதான் விட்டிருக்கும். அதப் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

"இருக்கலாம்" என்றார் அழகுசுந்தரம் சபையைப் பார்த்து. "உறுதியாச் சொல்ல முடியாது. படிச்சவரு, அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இத நம்பி ஈப்போவுல இருக்குற எங்க அண்ணன் பூட்டுல கை வைக்கிறதா? பூட்டத் தொறந்தாத்தான் பேரு தெரியும்னா, பேரு தெரியாமலே எப்புடிப் பூட்டத் தொறக்கிறது?"

"பேருதாங்க உறுதியில்ல. அழுகினது உறுதி" என்று சாதிக் எழுந்தே நின்றுவிட்டார். அவர் வாயை மூடுவதற்குள் உள்ளேயிருந்து இலை போட்டாயிற்று என்று குரல் வந்தது. படைப்புச் சோறு ஆறக்கூடாது. மொத்தச் சபையும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது. பந்தி கலைந்த பிறகு அழகுசுந்தரம் நல்லபடியாகவே சொன்னார்: சார் உறுதியாக ஒரு பெயர் எழுதிக் கொடுக்கட்டும், அன்றைக்கே அண்ணனுக்குத் தந்தி அடிக்கிறேன். அதுவரைக்கும் முட்டு வேண்டாம். குமரப்பன் தலையை ஆட்டினார். மற்றவர்கள் தயவில் அந்த வீட்டில் இருக்கிறவர் வேறு என்ன செய்வார்? பனங்கட்டை கொல்லைப்புறத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு சாதிக் பட்ட பாடு கொஞ்சமல்ல. உத்தரத்திலிருந்து செதுக்கிய சிம்பைக் கண்ணாடி ஜாடியில் ஈரமணலோடு போட்டு ஆய்வுக்கூடத்தில் வைத்து, கனி விடுமா என்று பார்த்தார். வெயிலில் வைத்தார், இருட்டில் வைத்தார். பஞ்சு வளர்ந்தது, கனி விடவில்லை. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி அனுப்பினார். கனியுடன் அனுப்பினால் பெயர் சொல்கிறோம் என்று, அவரே மற்றவர்களுக்குச் சொல்லுகிற பதிலை அவருக்கே சொன்னார்கள். ஒரு நாள் வெறுத்துப்போய்ப் பேனாவை எடுத்து 'லென்சைட்டிஸ்' என்று எழுதிவிட்டார். எழுதிய கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டது. அவர் துறையில் சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி போடுவதுதான் முறை. அது அழகுசுந்தரம் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தாளைக் கிழித்துப் போட்டார்.

"கேள்விக்குறி இல்லாம எழுதினா என்ன, கை முறிஞ்சிருமா?" என்று கேட்டாள் நபீஸா.

"பொய்யாப் போயிருமே நபீஸா."

"அந்த அம்மா தலைக்கு மேல தொங்குது மச்சான்."

அன்று இரவு முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை. ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், வீட்டைப் பார்த்து வாய் பிளந்தார்கள், சம்பந்தம் முடிவானது. கல்யாணம் தையில், அதே வளவில். இனி கல்யாணம் முடிகிற வரைக்கும் முட்டுப் பேச்சே கூடாது என்றாயிற்று. சாதிக் போகும்போதெல்லாம் ஆச்சியைத் தள்ளி உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். அவரைத் திருப்திப்படுத்த அவள் இரண்டடி தள்ளி உட்காருவாள். அவர் படியிறங்கியதும் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடுவாள் என்று குமரப்பனே சொன்னார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை நேரம், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கல்லூரி வாசலில் ஆள் வந்து நின்றது. சாதிக்குக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் இருந்த சுண்ணாம்புக்கட்டியோடு பஸ் ஏறினார்.

ஓடு நனைந்து கனத்து, உத்தரம் நடுவில் முறிந்து, அறைச்சுவரையும் இழுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. விசாலம் ஆச்சியை முகப்பில் கிடத்தியிருந்தார்கள். மேலே போர்த்தியிருந்த சேலையில் அவள் ஆய்ந்துகொண்டிருந்த கருகப்பிலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சாதிக் அதை எடுக்கக் குனிந்தார், முடியவில்லை. ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், வாயில் வந்ததைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவரும் எல்லார் முன்னாலும் நின்று அழுதார்.

பிறகு குமரப்பன் அவர் கையைப் பிடித்து வளவுக்குள் கூட்டிப் போனார். பெரியப்பச்சி மகன் அறையின் கதவு மட்டும் நிலையோடு தனியாக நின்றது. அதில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் இருந்த இடம் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது: பித்தளை அண்டாக்கள், ஒரு தகரப் பெட்டி, முறிந்த உத்தரத்தின் முனை. அந்த முனையில் வரிசை வரிசையாக மூக்குப்பொடி நிறத்தில் கனி விட்டிருந்தது. பல மாதம் வளர்ந்து முற்றிய கனி. சாதிக்கின் கை அவர் சொல்லாமலே ஒன்றைப் பிய்த்துத் திருப்பியது. தகடு.

"பேரு தெரிஞ்சிருச்சா சார்?" என்றார் குமரப்பன்.

சாதிக் தலையை ஆட்டினார்.

"உறுதிதான?"

"உறுதிதான் அண்ணே."

குமரப்பன் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். சிவகங்கைக்கு ஆள் போயிருந்தது, வக்கீல் வந்துகொண்டிருப்பார். குமரப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேரு கெடக்கட்டும் சார். பூட்டப் பாருங்க. நாங்க தொறக்கல. செவருதான் தானா விழுந்துச்சு. நீங்க கண்ணால பாத்தீகள்ல? அவுக கேட்டா, அத மட்டும் உறுதியாச் சொல்லிருங்க சார்."