நாலு பத்துக்கு வந்த பை

"பை வந்துருச்சுன்னு எழுதிடும்மா. நான் வந்துட்டே இருக்கேன்."

"பை கைக்கு வராம எப்படி சார் எழுதுறது?"

"அஞ்சே நிமிஷம். நான் என்ன அடுத்தவனா?"

"அதான் சார் சிக்கலே. அடுத்தவனா இருந்தா எழுதவே மாட்டேன்."

போனில் அவன் சிரித்த சிரிப்பு ஆறு வருடம் கழித்தும் அவள் காதில் இருந்தது. அப்போது அவன் துப்பறியும் பிரிவுக்குப் புதிதாக வந்த அதிகாரி. அவள் அதே காவல் நிலையத்தில் வழக்குப் பொருள்கள் வைக்கும் அறைக்குப் பொறுப்பு. கத்தியோ போனோ கறை படிந்த சட்டையோ, கைப்பற்றியது எதுவானாலும் அவள் மேஜைக்கு வந்து, அரக்கு முத்திரை வாங்கி, பதிவேட்டில் நேரத்தோடு ஏற வேண்டும். அப்போதுதான் நீதிமன்றத்தில் அது செல்லும். நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் 'முத்திரை'தான்.

அன்று அவள் நாலு பத்து என்று எழுதினாள். அவன் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. பூட்ஸில் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. பையை மேஜையில் வைத்து, இருவருமாக உள்ளே இருந்ததை எண்ணி, முத்திரை வைத்தார்கள். அரக்கு ஆறுவதற்குள் அவன் குரலைத் தாழ்த்தி, "வர்ற வழியில உங்க அப்பா கடையில இறங்கிப் பொண்ணு கேட்டேன். சரின்னுட்டார்" என்றான்.

அப்பாவுக்குப் பெயின்ட் கடை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிமிஷத்தில் எந்தப் பெண் பேனாவை எடுத்து நேரத்தை அடித்துத் திருத்திக்கொண்டிருப்பாள்?

மாப்பிள்ளை பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்டுப் பெண் கேட்ட கதை குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். சித்தி அதை நடித்தே காட்டுவாள். அந்த எண்பது நிமிஷமும் பை எங்கே இருந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

குற்றவியல் நீதியில் முதுகலை, பகுதி நேரம், சனிக்கிழமை தோறும் வகுப்பு என்று விளம்பரம் வந்தபோது விண்ணப்பத்தை நிரப்பியதே அவன்தான். "நீ படி. வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்றான். அப்படிப் பார்த்துக்கொண்டதில் இதுவரை இரண்டு பாத்திரம் கருகியிருந்தன.

வகுப்பில் பதினெட்டு பேர். எல்லோரும் வேலையில் இருப்பவர்கள்: சிறைக் காவலர், நீதிமன்ற எழுத்தர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண் என்று. அதனால் ஒரு நடைமுறை உண்டு. பழகிப் பார்க்க நிஜ வழக்குக் கோப்பு ஏதாவது வந்தால், முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'இந்த வழக்கில் எனக்குத் தொடர்பு உண்டு' அல்லது 'இல்லை'. பத்தாவது வாரத்துக்குள் அது பழகிச் சலித்த சடங்காகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை கோப்பு பெட்டியை விட்டு வெளியே வருவதற்குள் தாள் அவளிடம் வந்தது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளினாள்.

பிறகுதான் கோப்பு வந்தது.

பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பதிவேட்டின் நகல். அதில் ஒரு '4', கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி. உலகத்தில் அப்படி நாலு எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

"இது முடிஞ்சுபோன வழக்கு இல்ல" என்றாள் பேராசிரியை. அவளைவிட நாலைந்து வயது சின்னவள், எதையும் சுற்றி வளைக்காதவள். "நம்ம சட்ட உதவி மையம் எடுத்திருக்கற மேல்முறையீடு. திங்கட்கிழமை விசாரணை. இதுதான் கடைசி வாய்ப்பு. ஒவ்வொரு கை மாறுனதுக்கும் நேரம் போடுங்க."

"மீன் சந்தைக்குப் பின்னால பிடிச்சது மூணு அம்பத்தஞ்சு, நிலையத்துல ஏறுனது நாலு பத்து" என்றாள் ஆம்புலன்ஸ்காரி. "பதினஞ்சு நிமிஷமா? அந்த வருஷம் பாலம் மூடிக் கிடந்துச்சு. சைரன் போட்டுட்டுப் போன எனக்கே அரை மணி ஆகும்."

"அந்த அதிகாரிக்கு இறக்கை முளைச்சிருக்கும்" என்றார் சிறைக் காவலர். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாத நாளிலும் நடையில் அது குலுங்கும். அதனால் வகுப்பில் அவர் பெயர் 'சாவி'. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குத் தொடர்பு உண்டுன்னு தாளிலேயே எழுதியிருக்கேன். இந்த ஆளு ஜெயில்ல என் பிளாக்லதான் இருக்காரு. கோப்பைக் காட்டச் சம்மதக் கையெழுத்து வாங்குனதும் நான்தான். டெலிவரி வண்டி ஓட்டுனவரு. பையில ரெண்டு போதைப் பொட்டலம் இருந்துச்சு, தப்புதான்னு ஒத்துக்கறாரு. மூணாவது எப்படி வந்துச்சுன்னு தெரியலைங்கறாரு. தினம் அதே பல்லவி. நான்கூட கிண்டல் பண்ணியிருக்கேன்."

"ரெண்டுன்னா மூணு வருஷம்" என்றாள் பேராசிரியை. "இந்நேரம் வீட்டுல இருந்திருப்பார். மூணுங்கறதால பத்து."

சாவி அவள் பக்கம் திரும்பினார். நிலையத்துப் பெயர் வகுப்புக்கும் வந்திருந்தது. "முத்திரை மேடம், இது உங்க தொழிலாச்சே. பொருள் வராம யாராவது நேரம் எழுதுவாங்களா?"

"எழுதக் கூடாது."

"கூடாதுன்னு எனக்கும் தெரியும். எழுதுவாங்களான்னு கேட்டேன்."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி திறக்க வரவில்லை. பேராசிரியை குறுக்கே வந்தாள்.

"கணக்கு நம்ம பக்கம். ஆனா எதிர்ல பதிவேடு இருக்கு. அந்த நேரம் தப்புன்னு அன்னிக்கு அங்க இருந்த யாராவது சொன்னா உண்டு. இல்லேன்னா நீதிபதி இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்."

கையெழுத்துத் தாள் மேஜை ஓரத்தில் கிடந்தது. பொருளைப் பார்க்காமல் கையெழுத்து. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். வகுப்பு முடியும் வரை அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு இறங்கி வந்தபோது அவன் காரில் காத்திருந்தான். வாரா வாரம் கேட்பதையே கேட்டான்.

"இன்னிக்கு என்ன, கொலையா கொள்ளையா?"

"நாமதான்."

அவன் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவள் சொன்னாள். பை, பாலம், மூன்றாவது பொட்டலம், திங்கட்கிழமை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"பேரெல்லாம் மறைச்சிருப்பாங்களே."

"நான் எழுதுன நாலை மறைக்கலையே."

"ஊர்ல எல்லா நிலையத்துலயும் நேரத்தை முன்னாடியே எழுதத்தான் செய்யறாங்க. அதுக்காக அந்தப் பையில நான் கை வெச்சேன்னு அர்த்தமா?"

"வெக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன? வாயைத் திறந்தா உன் வேலை போகும், என் வேலையும் போகும். நீ சாட்சிக் கூண்டுல ஏறி நாலு பத்துன்னு சொல்லியிருக்க. நானும் சொல்லியிருக்கேன்."

சாட்சி சொன்ன அந்த நாளை அவள் மறக்கவே இல்லை. வெளியே வந்து நீதிமன்றப் படிக்கட்டில் நின்றபோது அவனிடம் ஒன்று கேட்க வாயெடுத்தாள். "வெயில்ல முகமே வாடிப்போச்சு" என்று அவன் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கையில் திணித்தான். கேட்க வந்ததை ஜூஸோடு விழுங்கினாள். அதற்குப் பிறகு வீட்டில் சந்தோஷமான நாள்களில்தான் அது அதிகமாகத் தொண்டை வரை வரும். ஒவ்வொரு முறையும் விழுங்கிவிடுவாள்.

"அன்னிக்கு அப்பா கடை வாசல்ல கார் பூட்டியிருந்துச்சா?"

அவன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தான்.

"பூட்டுனேன்னுதான் நினைக்கறேன்." பிறகு, "பை பின் சீட்டுலதான் இருந்துச்சு. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன். உள்ள வெக்கையா இருந்துச்சு" என்றான்.

"பிடிச்ச இடத்துல பொட்டலத்தை எண்ணுனீங்களா?"

"உன் மேஜையிலதானே எண்ணினோம்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. காதோரம் சிவந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நல்லது பண்ணத்தான் போனேன். உன்னைக் கேக்கத்தான் போனேன்."

"தெரியும்."

"அந்த ஒரு நாளையும் எடுத்துக்கிட்டுப் போய் அவங்க கையில குடுக்கணுங்கறியா?"

அவளுக்குக் கண் நிறைந்தது. மேலே இரண்டாம் மாடி ஜன்னலில் பேராசிரியை கோப்புகளைப் பெட்டியில் அடுக்குவது தெரிந்தது. கடைசிக் கோப்பையும் வைத்து மூடியை அழுத்தினாள். அவன் கியரை மாற்றக் கை வைத்தான். அவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"ஏங்க. இன்ஜினை அணைங்க. என்கூட மேல வாங்க. நாலு பத்து பொய்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிடலாம்."