மங்காவின் பசி

கொட்டகலை கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருக்கும் மதுசூதனன், இலக்கியச் சங்கத் தலைவரும்கூட. துணியை வெட்டலாம், தமிழை வெட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. தேயிலைத் தோட்டப் பாடசாலை நிஷாந்தி டீச்சர் எழுதிய சிறுவர் கதையை அச்சிட்டுத் தர ஒப்புக்கொண்டவர், முதல் வேலையாக அதை இழுத்து நீளமாக்கினார்.

கதை, ரத்தம் குடிக்கும் ஓர் அட்டையைப் பற்றியது. ‘மங்காவுக்குப் பசி. மழை இல்லை. கொழுந்து எடுக்க யாரும் வரவில்லை. மங்கா காத்திருந்தாள்.’ டீச்சர் இப்படித்தான் எழுதியிருந்தார்.

“என்ன டீச்சர், தந்தி அடிச்ச மாதிரி? பிள்ளைங்க மனசு உருக வேணாமா?”

அவர் கைபட்டதும் மங்காவின் பசி, ‘கார்முகில் காணாக் கானகத்தின்கண்’ என்று புறப்பட்டு, ஒன்றரைப் பக்கம் கடந்தும் முற்றுப்புள்ளி கிடைக்காமல் அலைந்தது. மங்கா பசியில் சாகலாம், இப்படி மூச்சுமுட்டிச் சாகக்கூடாது என்று டீச்சருக்குத் தோன்றியது.

“என் கதைய பிள்ளைங்க கேட்டுட்டாங்க சார். உங்களத நீங்களே வந்து வாசிங்க. எதுக்கு உருகுறாங்களோ அதையே அச்சடிப்போம்.”

அவர் சம்மதித்தார். தோற்கும் எண்ணம் அவருக்கு இருந்ததேயில்லை.

மறுநாள் நல்ல மழை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தார். வகுப்பின் முன் நின்று, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

முதல் பக்கத்தில் தனுஷன் கொட்டாவி விட்டான். கொட்டாவி பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. இரண்டாம் பக்கத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. கௌசியின் கண்கள் கலங்கியே விட்டன.

“பாத்தீங்களா டீச்சர்? வாக்கியத்தோட வல்லமை!”

“சார்,” என்றாள் கௌசி. “மங்கா உங்க கால்ல சாப்பிடுறா.”

குனிந்து பார்த்தார். கெண்டைக்காலில் திராட்சைப்பழம் போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ! அட்டை! எடுங்க! உப்பு!”

சத்துணவு சமைக்கும் பரிமளம் உப்புடன் ஓடிவந்தார். பிள்ளைகள் மறித்துக்கொண்டார்கள்.

“போடாதீங்க அக்கா! செத்துருவா!”

“எவ்வளவு நாளாப் பட்டினி, பாவம்!”

“என் ரத்தம்டா!” என்று அலறினார் மதுசூதனன்.

அவரை மேலும் கீழும் பார்த்தான் தனுஷன். “ஒங்ககிட்டதான் நெறைய இருக்கே சார்.”

வயிறு நிறைந்ததும் மங்கா தானாகவே விழுந்தாள். வகுப்பே கைதட்டியது. அவர் கையிலிருந்து நழுவிய தாளில் அவளை ஏந்தி, தேயிலைச் செடியடியில் விட்டுவிட்டு வந்தான் தனுஷன். ஒன்றரைப் பக்க வாக்கியம் அட்டையோடு போயிற்று.

“சரி, எந்தக் கதைய அச்சடிக்கலாம்?” என்று கேட்டார் டீச்சர்.

“டீச்சர் கதை! சார் ‘ஐயோ! அட்டை! உப்பு!’ன்னு சொன்னதும் நல்லாருந்துச்சு!”

புத்தகம் டீச்சர் எழுதியபடியே வந்தது. குறுவாக்கியமே தன் வாழ்நாள் கொள்கை என்று மதுசூதனன் முன்னுரை எழுதியிருந்தார். மூன்று பக்கம், ஒரே வாக்கியம்.

கௌசி புரட்டிப் பார்த்தாள். “டீச்சர், மங்கா எப்ப வருவா?”

“நாலாம் பக்கத்துல. அதுவரைக்கும் அவளுக்குப் பசி.”