உதடு மூடும் இடம்

ஈரமணலை அள்ளிச் சவக்குழிக்குள் போட்ட ஹார்ட்முட், கரண்டியை அடுத்தவரிடம் தர மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை தேங்கியது. உல்ரிகே போய் மெல்ல அதை வாங்கினாள்.

"மன்னிச்சுக்க உல்லி," என்றார். அவள் தாய் ரோஸ்விதாவை டப்பிங் அறையில் பதினோரு வருடம் ஆட்டிவைத்த இயக்குநர் அவர்.

ரோஸ்விதா முதலில் மேடை நடிகை. பெர்லின் சுவர் இடிந்த பிறகு நாடகக் கம்பெனி அவளை அனுப்பிவிட்டது. அதன்பின் இருட்டறையில் நின்று, ஓர் அமெரிக்கத் தொடரின் தாய்க்கு ஜெர்மனில் குரல் கொடுத்தாள். 'நம் எல்லோரின் அம்மா மறைந்தார்' என்று பெர்லின் பத்திரிகை எழுதியிருந்தது. கூடப் போட்டிருந்த படத்தில் இருந்தது அமெரிக்க நடிகை.

உல்ரிகேவை அந்த அம்மா திங்கட்கிழமை காலை வாரக் காப்பகத்தில் விட்டால் சனிக்கிழமை மதியம்தான் கூட்டிப்போவாள். ஆறு வயதுவரை அப்படித்தான். பெரியவளானபின் ஏன் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். இரண்டு முறையும் ரோஸ்விதா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். நாளைக்கு வேலை இருக்கிறது, குரலுக்கு ஓய்வு வேண்டும் என்று அர்த்தம்.

கல்லறைக்கு எதிரே இருந்த காபிக் கடையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூன்று நாளாக மனசுக்குள் வைத்திருந்ததை உல்ரிகேவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"போறதுக்கு முந்தின நாள் அம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க மாமா."

"ரோஸ்விதாவா? மன்னிப்பா? டாக்டர் என்ன மருந்து குடுத்தாரு?"

"சிரிக்காதீங்க. மத்தியானம் கண்ணைத் தொறந்தாங்க. என்னையே பாத்தாங்க. 'உன்னைத் தனியா விட்டுட்டேன் குட்டி. அது என் தப்பு'ன்னாங்க."

ஹார்ட்முட் சர்க்கரையைக் கலக்குவதை நிறுத்தினார். நிறுத்தியிருக்கக் கூடாது என்று அவருக்கே உடனே தெரிந்தது போலிருந்தது. மறுபடி கலக்கினார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"அந்த வசனத்துல எழுதித் தந்தது 'தவறு'ன்னுதான் உல்லி. ஒட்டல. அந்த இடத்துல அந்த நடிகையோட உதடு மூடும். 'தப்பு'ன்னு மாத்தினது உங்க அம்மாதான். உதடு கச்சிதமா உக்காந்துச்சு. எங்களுக்கெல்லாம் அன்னிக்குப் பெரிய சந்தோஷம்." அவர் கோப்பையைப் பார்த்தே பேசினார். "தொடரோட கடைசி நாள் அது."

உல்ரிகே எதிர் மேசையைப் பார்த்தாள். அங்கே யாரோ சிரித்தார்கள்.

"உள்ளேர்ந்து வந்திருக்கலாம்," என்றார் அவர். "யாருக்குத் தெரியும்? வார்த்தை அதுவா இருந்தாலும் உனக்குன்னு..."

"அந்தத் தொடர்ல, மக என்ன பதில் சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. கதவைச் சாத்திட்டுப் போயிடுவா."

"நான் பரவாயில்லம்மான்னு சொல்லிட்டேன்," என்றாள் உல்ரிகே. "கையைப் பிடிச்சு, மூணு தடவை சொன்னேன்."

அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

பச்சை ஸ்கார்ஃப் சுற்றிய நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கடைக் கதவைச் சாத்தாமல் உள்ளே வந்து, மேசையருகே தயங்கினாள். உல்ரிகேவுக்கு அவளைத் தெரியாது.

"என்னை உங்களுக்குத் தெரியாதுங்க. ஸ்கூல் விட்டு வந்தா எங்க வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. டிவியப் போட்டா உங்க அம்மா இருப்பாங்க. ஒரு நாளும் தவறினதில்ல." மூக்கை உறிஞ்சினாள். "கல்லறையில நீங்க எல்லாருக்கும் நன்றி சொன்னப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு. அச்சு அசல் அதே குரல். ஏதாவது ஒரு வார்த்தை எனக்காகச் சொல்றீங்களா?"

ஹார்ட்முட் எழப்போனார். உல்ரிகே அவர் கையை அமர்த்தினாள்.

"குளிருது," என்றாள் அந்தப் பெண்ணிடம். "கதவைச் சாத்திட்டு வந்து உக்காரும்மா."

அந்தப் பெண் கண்களை மூடிக்கொண்டாள். கதவு திறந்தபடியே கிடந்தது.