உப்புக் குடித்த கீரை

லெட்டூஸ் இலைகளின் ஓரம் கருகியிருந்ததைப் பார்த்ததும் தெயிமா ஒவ்வொரு குழாயாக ஓடிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் லேசான மஞ்சள்தான் இருந்தது. இன்று காலையில் நாலு குழாய்களிலும் ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டது. புதினா தலையைத் தொங்கப்போட்டிருந்தது. பீட்ரூட் கீரை மட்டும் நின்றது, அதுவும் வளர மனமில்லாமல் கருத்துத் தடித்துக் குட்டையாக.

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் இந்தக் குழாய்களை வேளாண்மை ஆபீஸில் மாதர் சங்கத்துக்குக் கொடுத்தபோது, சண்டை போட்டு ஒரு வரிசையைத் தன் முற்றத்துக்குக் கொண்டுவந்தவள் தெயிமா. எல்லாம் புருஷன் பவுரோவுக்காக. சர்க்கரை அவன் வலது காலில் இரண்டு விரல்களை ஏற்கெனவே வாங்கிக்கொண்டது. சோற்றையும் டின் இறைச்சியையும் குறைத்துக் கீரைக்கு மாறாவிட்டால் அடுத்தது பாதம்தான் என்று நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அந்த மனுஷனோ முதல் லெட்டூஸை வாயில் போட்ட வேகத்தில் துப்பினான்.

"இது என்ன கீரையா? தண்ணிய மென்னு திங்கிற மாதிரி இருக்கு."

கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள். ஒரு இலை இறங்கவில்லை. இப்போது கொடுக்க இலையே இல்லாமல் போகும் போலிருந்தது.

போன வாரம் பவுரோவின் தங்கை கந்தாக்கே வந்திருந்தாள். "அண்ணி, பிள்ளைக்கு ஞானஸ்நானம். உங்க மழைத்தண்ணி ட்ரம்ம கேக்க வந்தேன்." புபுசி என்று உரிமையோடு சொந்தக்காரர் வாசலில் வந்து கேட்டுவிட்டால் இந்தத் தராவாத் தீவில் இல்லையென்று சொல்ல முடியாது. சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது. தெயிமா சிரித்த முகத்தோடு கொடுத்தாள். உள்ளுக்குள் எரிந்தது வேறு விஷயம். பிறகு, மழைத்தண்ணீர் இல்லாததால், கீரைத் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீரை இறைத்தாள். உப்பை அளக்க வேளாண்மை ஆபீஸர் கொடுத்த மீட்டர் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. நாக்கு இருக்கும்போது மெஷின் எதற்கு? ஒரு கை அள்ளிக் குடித்தாள். நல்ல தண்ணீர்தான்.

இப்போது மீட்டரைத் தேடி எடுத்துத் தொட்டியில் விட்டாள். எண் எகிறியது. நம்பாமல் மறுபடியும் குடித்துப் பார்த்தாள். தித்திப்பாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடல் கசிந்த கிணற்றைப் பிறந்ததிலிருந்து குடித்த நாக்கு இது. இதற்கு எங்கே உப்புத் தெரியப்போகிறது! லெட்டூஸ் பிறந்த ஊர் வேறு.

வெட்கத்தை விட்டுக் கந்தாக்கே வீட்டுக்குப் போனாள். "நானும் கேக்க வந்திருக்கேன்."

கந்தாக்கே இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "குடுத்து எட்டு நாளாகல. அதுக்குள்ள திருப்பிக் கேக்குறீங்களா அண்ணி?"

"திருப்பி இல்லடி, புதுசா கேக்குறேன். உன் அண்ணன் காலுக்கு."

சிரிப்பு நின்றது. பாதி ட்ரம் தண்ணீரைக் கந்தாக்கேயே தள்ளுவண்டியில் ஏற்றினாள். "வர்ற விருந்தாளிங்க இளநி குடிச்சுக்கட்டும். செத்தா போயிடுவாங்க?"

இருவருமாகக் குழாய்களை அலசி, தொட்டியை நிரப்பினார்கள். லெட்டூஸ் அத்தனையும் போயிற்று. ஒவ்வொன்றாகத் தெயிமாவே பிடுங்கி எறிந்தாள். பீட்ரூட் கீரையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சூரை மீனை அரிந்துகொண்டிருந்தாள். முற்றத்தில் சடக் சடக்கென்று முறியும் சத்தம். பாழாய்ப்போன கோழி! கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பவுரோ உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட காலை நீட்டி, பீட்ரூட் கீரையை வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான்.

"இதுலதான் உப்பு உறைப்பு இருக்கு. நல்ல கீரைய வச்சுக்கிட்டு இத்தன நாளா அந்தத் தண்ணிப் புல்லப் போட்டியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "குருத்தக் கிள்ளாதீங்க," என்று அதட்டினாள். "குருத்து இருந்தாத்தான் திரும்ப வரும்."

அவன் தலையாட்டினான். முகவாயில் சிவப்புச் சாறு வழிய, குருத்தை ஒற்றை விரலால் ஒதுக்கிவிட்டு, அடுத்த இலையை முறித்தான்.