பொன்செல்வியின் பள்ளிக்கூட எடை

நாலாம் வகுப்பு படித்த பொன்செல்வி காலையில் இருபத்து மூன்று கிலோ, பள்ளி விட்டு வரும்போது நாற்பத்தொன்று. ஆரியசாலையில் பிச்சைக்கனியின் மிளகாய் வத்தல் கிடங்கில், மூட்டை போடும் தராசில் அவளை ஏற்றி, அங்கே வத்தல் பொறுக்கும் அவளுடைய அம்மா நாச்சியார் ஒரு வாரம் தொடர்ந்து நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. செவ்வாயைவிட வெள்ளிக்கிழமை கூடுதல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருபத்து மூன்றைத் தாண்டாது. பிள்ளையின் உடம்பில் ஒரு சுற்றும் கூடவில்லை, பாவாடை நாடாவைத் தளர்த்த வேண்டியும் வரவில்லை. ஆனாலும் சாயங்காலம் அவள் ஏறினால் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தத் தெருவில் பாரம் தூக்குகிறவர்கள் நிறைய என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

மலையாளப் பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த மூன்றாவது பெஞ்சு சிமெண்டுத் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜூனில் ஒரு விரல்கடை, ஓணப் பரீட்சைக்குள் அரைச் சாண். கரையான் என்றார்கள். மேஸ்திரி வந்து தோண்டிப் பார்த்து, அடியில் பாறை என்று சொல்லி மூடிவிட்டுப் போனார். பொன்செல்வியை இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றினார்கள். அதுவும் இறங்கத் தொடங்கியது. அந்த ஒன்றாவது மிஞ்சட்டும் என்று பழைய இடத்திலேயே திரும்ப உட்காரவைத்தார்கள். இறங்கின பெஞ்சில் அவளுடைய தாடை டெஸ்க் மட்டத்துக்கு வந்து நின்றது. அங்கிருந்தபடியே அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

மொழிக் குறை என்று சொல்ல வழியில்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து நாச்சியாரும் புருஷன் இசக்கிப்பாண்டியும் வந்து இறங்கிய மறு வருஷமே பிறந்தவள் அவள். தண்ணிக்குழாயடியில் மலையாளத்தில் சண்டையே போடுவாள். குறை வேறு இடத்தில் இருந்தது. பள்ளியில் சேர்த்த அன்று வாசலில் வைத்து நாச்சியார் மகளிடம், "டீச்சர் சொல்லுகதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும், என்னட்டி? குறுக்க வாயத் தொறக்கப்பிடாது," என்று சொல்லியிருந்தாள். நாச்சியார் வளர்ந்த வீட்டில் பெரியவர்களிடம் புரியவில்லை என்று சொல்வது, உமக்குச் சொல்லித் தரத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். பக்கத்தில் நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், கை தானாகப் பழகிவிடும். அப்படித்தான் பொன்செல்வி ஏழு வயதில் வத்தல் பொறுக்கப் படித்தாள், வெளிறினது, விதை உதிர்ந்தது, ஈரம் ஏறினது என்று மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற அளவுக்கு. ஒரு வார்த்தை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வகுப்பு டீச்சர் ரெம்யாவோ கேள்வி கேட்கிற பிள்ளைதான் படிக்கிற பிள்ளை என்று வளர்ந்தவள், நல்லவள், பிள்ளைகளை ஒருநாளும் அடித்ததில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "சம்சயம் உண்டோ?" என்று கேட்பாள். சந்தேகம் இருந்த பிள்ளைகள் கையைத் தூக்கும். பொன்செல்வி டீச்சருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் குறைவில்லாமல் கொடுத்து, வாய்வரை வந்ததை உள்ளே திருப்பி அனுப்புவாள். திரும்பிப் போன கேள்விகளின் எடைதான் அது. அந்த நேரத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை, கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் மூன்றாம் வகுப்பில் போய் உட்காரட்டும் என்று முடிவாயிற்று.

அதைச் சொல்லத்தான் நாச்சியாரை வரச் சொன்னார்கள். ரெம்யா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இரிக்கு சேச்சி," என்றாள். டீச்சர் முன்னால் உட்காருவதாவது. நாச்சியார் வத்தல் நெடி அடித்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். மூன்றாம் வகுப்பு என்று காதில் விழுந்ததும் மகளுக்காகத் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைக் கொடுத்துவிட நினைத்தாள். கையைக் கூப்பி, "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க டீச்சர். ஏன்னு கேக்க மாட்டேன்," என்றாள்.

அவள் ஊர்ப்பக்கம் பிள்ளையைப் பள்ளியில் விடும்போது சொல்கிற வார்த்தை அது. இவள் எனக்கு எவ்வளவோ உமக்கும் அவ்வளவு என்றுதான் அதற்கு அர்த்தம். அதைக் கேட்டு எந்த வாத்தியாரும் தோலை உரித்ததில்லை. ரெம்யா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வீட்டில் பிள்ளை என்ன பாடு படுகிறதோ என்று அன்றைக்கே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் அங்கிருந்து இரண்டு பெண்கள் வந்து பொன்செல்வியின் முதுகையும் தொடையையும் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களை விசாரித்தார்கள். நாச்சியார் அன்று அனுபவித்த அவமானத்தைச் சொல்லி முடியாது. கழக்கூட்டம் என்கிற ஊரில் டைல்ஸ் வேலையில் இருந்த இசக்கிப்பாண்டி வந்து கேட்டுவிட்டு, "மூணாங் கிளாசுல இவள உக்கார வச்சாவன்னா அன்னைக்கே ஊருக்கு வண்டி ஏறிருவோம். படிச்சது போதும்," என்றான். நாச்சியார் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். படிச்சது போதும் என்ற வார்த்தையை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

தப்பு நடந்துவிட்டதோ என்று ரெம்யாவுக்கும் மனசு அறுத்திருக்க வேண்டும். சனிக்கிழமை அவளே கிடங்குக்கு வந்தாள். வத்தல் குவியலுக்கு இரண்டு பக்கமும் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ரெம்யா தும்மி முடித்துவிட்டு, எது நல்லது, எது கழிவு, எப்படித் தெரியும் என்று கேட்டாள். நாச்சியார் சாக்கை விரித்து இடம் கொடுத்து, தன் கையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள். ரெம்யா மறுபடி கேட்டாள். கை இன்னும் மெதுவாயிற்று. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் தானும் பொறுக்கத் தொடங்கினாள். அவள் நல்லதில் போட்ட இரண்டு வத்தலைப் பொன்செல்வி எடுத்துக் கழிவில் போட்டாள், முகத்தைக்கூடப் பார்க்காமல். சாயங்காலத்துக்குள் ரெம்யாவின் விரலுக்கு ஈரம் தெரிய ஆரம்பித்தது. விரல் எரிச்சல் மூன்று நாள் இருந்தது.

திங்கட்கிழமை அவள் சம்சயம் உண்டோ என்று கேட்கவில்லை. இறங்கின பெஞ்சில் பொன்செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நோட்டில் ஒரு வகுத்தல் போட்டாள், வேண்டுமென்றே மெதுவாக. அடுத்ததைத் தப்பாகப் போட்டாள். பொன்செல்வி ரப்பரை எடுத்து அழித்துச் சரியாக எழுதினாள். பெஞ்சு ஒரு நூல் மேலே வந்தது. தினமும் பத்து நிமிஷம் இப்படி நடந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின நாள் பொன்செல்வி நோட்டைப் பார்த்துக்கொண்டே மிகச் சின்னக் குரலில், மிச்சம் வருகிற எண் எங்கே போகும் என்று கேட்டாள். அது அவளுடைய முதல் கேள்வி. அன்று சாயங்காலம் தராசு இருபத்தாறு காட்டியது. மூன்றாம் வகுப்புப் பேச்சை ரெம்யா அதற்குப் பிறகு எடுக்கவில்லை, யாரையும் எடுக்கவிடவும் இல்லை. இசக்கிப்பாண்டி கட்டி வைத்த பையை அவிழ்த்தான்.

மார்ச்சில், பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குப் போகிறது என்று சொல்ல நாச்சியாரை மறுபடி கூப்பிட்டார்கள். ரெம்யா இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். நாச்சியார் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். டீச்சர் ஒருத்தி பக்கத்தில் அவள் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாரம் தாங்காமல் பெஞ்சு நான்கு விரல் கீழே போயிற்று. இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்," என்றாள் நாச்சியார். "நான் படிச்ச அஞ்சாங் கிளாசுல பூமி சுத்துதுன்னு சொன்னாவ. சுத்துதுன்னா நமக்கு ஏன் தெரிய மாட்டேங்கு?"

ரெம்யா சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "நம்மளும் கூடவே சுத்துறோமல்லே சேச்சி, அதுகொண்டு தெரியறதில்ல."

நாச்சியார் தலையாட்டினாள். பெஞ்சு இருவரையும் தூக்கிக்கொண்டு பழைய உயரத்துக்கு வந்து நின்றது. மறுநாள் கிடங்கில் நாச்சியார் பதினேழு கிலோ குறைந்திருந்தாள். பிச்சைக்கனி தராசுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தராசு சரியாகத்தான் இருந்தது.