பூட்டில்லாத வைஃபை

லைனைக் கட் பண்ணினால் பத்து நிமிஷத்தில் போன் வரும். பதினோரு வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலர் கெஞ்சுவார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். எல்லாருக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: மூணு எச்சரிக்கை அனுப்பினோம் சார், நீங்கதான் பார்க்கலை. ஆனால் அந்தக் கோபாலபுரம் லைனைச் சனிக்கிழமை காலையில் கட் பண்ணி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

என் பெயர் தங்கபுஷ்பம். தேனாம்பேட்டையில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் புகார் பிரிவு பார்க்கிறேன். 'நெட் வரலை' என்கிற புகார் இல்லை, அதற்கு வேறு ஆட்கள் உண்டு. உங்கள் வாடிக்கையாளர் லைனிலிருந்து எங்களுக்குத் தொந்தரவு வருகிறது என்று வெளியிலிருந்து எழுதுவார்களே, அந்தப் புகார். ஏமாற்று மெயில் அனுப்புவது, அடுத்தவர் கணக்கில் நுழையப் பார்ப்பது, இந்த மாதிரி. கனெக்‌ஷன் கொடுக்கும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாலு பக்கம் நீட்டிக் கையெழுத்து வாங்குவோம். அந்த நாலு பக்கத்தையும் படித்த ஒரே ஜீவன் நான்தான். ஆபீசில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயருக்கு நான் குறை வைத்ததில்லை.

கோபாலபுரம் லைன், கைசர் ஜஹான் என்கிற அம்மாளின் பெயரில் இருந்தது. அதிலிருந்து ஒரு நாளைக்கு இருபதாயிரம் போலி மெயில் போயிருக்கிறது. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, உடனே இங்கே அழுத்துங்கள்' என்கிற ரகம். அதனால் வெளியூர்க் கம்பெனிகள் எங்கள் வாடிக்கையாளர்களின் மெயிலை மொத்தமாகவே மறிக்க ஆரம்பித்துவிட்டன. மயிலாப்பூர் ஆடிட்டர் ஸ்ரீரங்கன் தினமும் போன் பண்ணி, "ஆத்துல உக்காந்துண்டு ஒரு மெயில் அனுப்ப முடியலையே, நீங்கள்லாம் என்னத்துக்கு இருக்கேள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"கட் பண்ணியாச்சு, தொல்லை வுட்டுது. வுடுங்க மேடம்" என்றார் மேனேஜர் கணேசமூர்த்தி. எனக்குத்தான் மனசு விடவில்லை. நெட்டு போய் மூன்று நாள் சும்மா இருக்கிற ஆளை நான் இந்த ஊரில் பார்த்ததே இல்லை. மூன்று எச்சரிக்கையும் எந்த மெயிலுக்குப் போயிற்று என்று எடுத்துப் பார்த்தேன். நதீமின் மெயிலுக்குப் போயிருந்தது. நதீம் எங்கள் லைன்மேன்.

கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்துக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அது வந்துக்கா, வயசானவங்களுக்கு மெயிலு இருக்காது. அந்தக் கட்டம் காலியா இருந்தா ஃபாரம் உள்ளயே போவாது. அதான் என்னுத போட்டு வுட்ருவேன்."

"இந்த மாதிரி எத்தனை பேருக்குப் போட்டிருக்கே?"

"ஒரு அறுவது எழுவது கீதுக்கா. எல்லா லைன்மேனும் அப்டித்தான் செய்வாங்கோ."

"வர்ற மெயிலைப் படிக்கிறியா?"

"அத்த தொறந்தே ரெண்டு வருசம் ஆவுதுக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். கேட்டு என்ன, தப்பு எங்களுடையது. ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருத்தர் லைனைக் கட் பண்ணியிருக்கிறோம். "வண்டியை எடு" என்றேன்.

லாயிட்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. பழைய பங்களாவை நாலாகப் பிரித்ததில் முன்பக்கத்துப் போர்ஷன். மதில் சுவரை ஒட்டி ஒரு புங்கமரம், நல்ல நிழல். கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது இருக்கும். தலையில் வெள்ளைத் துப்பட்டா, மூக்கு நுனியில் கண்ணாடி. என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்தார். பின்னால் நின்ற நதீமைப் பார்த்தார்.

"நெட்டு கம்பெனியா? நீங்கதான் நிறுத்துனீங்களா? பசங்க மூணு நாளா வந்து வந்து பாத்துட்டுப் போய்ட்றாங்கோ."

எந்தப் பசங்க என்று கேட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன். கம்ப்யூட்டர் இல்லை, டிவிகூட இல்லை. சன்னலோரம் ஒரு கட்டில், பக்கத்து அலமாரிமேல் எங்கள் கம்பெனிப் பெட்டி. கொழுந்தனார் மகன் ஆசிஃப் இங்கே தங்கி வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தபோது போட்டதாம். அவன் ஹைதராபாத் போய் மூன்று வருஷம் ஆகிறது. லைன் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

"அப்ப இதை யார்தான் உபயோகிக்கிறது?"

சன்னலைக் காட்டினார். சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவர்கள் அடுத்த ஆர்டர் வரும்வரை அந்த மர நிழலில் வண்டியை நிறுத்துவார்களாம். ஒரு நாள் ஒருத்தர் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டபோது வைஃபை பாஸ்வேர்டும் கேட்டாராம். இவருக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை ஒயர் பார்க்க வந்த நதீமிடம், பூட்டே வேண்டாம், எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். நான் நதீமைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மும்முரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு அஞ்சு பேரு வருவாங்கோ. ஒருத்தனுக்கு வடபழனில தங்கச்சி கல்யாணம், மண்டபம் கெடைக்காம அலைஞ்சான். இன்னொருத்தன் அசோக் நகர்ல ரூம் மாத்துனான், மூட்டப்பூச்சியாம். எல்லாம் தெரியும் எனக்கு."

"நல்லாப் பேசுவாங்களா உங்ககிட்ட?"

"என்கிட்டயா?" சிரித்தார். "நான் இங்க குந்திக்கினு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. திரை எப்பவும் மூடித்தான் இருக்கும். ஒரு கிழவி கேக்கிறான்னு தெரிஞ்சா மனசு விட்டுப் பேசுவாங்களா? தண்ணி கேட்டவன்கூட அப்புறம் கேட் பக்கம் வரல. எங்க வூட்டுக்காரர் அக்பர் பாஷா போய் ஆறு வருஷம் ஆச்சு பேட்டி. இந்த வீட்ல மனுஷன் கொரல்னா அதான்."

பேட்டி என்றால் உருதுவில் மகள்; என்னைத்தான் அப்படிக் கூப்பிட்டார். ஆனாலும் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் லைனில் யார் என்ன செய்தாலும் நீங்கள்தான் பொறுப்பு, இங்கிருந்து திருட்டு மெயில் போயிருக்கிறது, பூட்டுப் போடாவிட்டால் லைனை ஒரேயடியாக எடுத்துவிடுவோம் என்றேன்.

"யாரு அனுப்புனது?"

"அனுப்பினவருக்கே தெரியாதும்மா. யாரோ ஒருத்தர் போன்ல ஒரு கெட்ட ஆப்பு உக்காந்துக்கிட்டு அதுவா அனுப்புது."

"அப்ப அவன் மேல தப்பில்லயே?"

"இல்லை."

"என் மேல?"

"இல்லைம்மா."

"அப்ப எதுக்குப் பூட்டு?"

அந்த நாலு பக்கத்தில் இதற்குப் பதில் கிடையாது. அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. விதிப்படி அதுவும் தப்புதான்.

"பூட்டைப் போடுவோம். அவங்க வந்து பார்ப்பாங்க, பெல் அடிச்சுப் பாஸ்வேர்டு கேப்பாங்க. கேட்டா நீங்க சொல்லுங்க. யார் யார்னு ஆளும் தெரிஞ்சுடும், அந்த ஆப்பையும் எடுக்கச் சொல்லலாம். நேர்ல நாலு வார்த்தை பேசின மாதிரியும் ஆச்சு."

அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்தது பாருங்கள், அதை இன்னும் மறக்க முடியவில்லை. "பெல் அடிப்பாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். வேறு வழி என்ன, அடித்துத்தான் ஆகவேண்டும் என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

நதீம் லைனைத் திறந்து, அவர் பெயரும் கதவு எண்ணும் சேர்த்துப் பாஸ்வேர்டு வைத்தான். "கஷ்டமா வைக்காதேப்பா, அவங்க முன்னாடி மறந்துட்டா வெக்கமா பூடும்" என்று சொல்லிவிட்டு அதை முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போனார். ஆறு கிளாசில் ரோஸ்மில்க் கலந்து தட்டில் வைத்து எடுத்து வந்தார். "மணி நாலாவப் போவுது. இப்ப வர்ற நேரம்தான். நீயும் இரு" என்றார். இருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு ஆர்டர் ஓய்ந்திருக்கும் நேரம். மூன்று வண்டிகள் வந்து நின்றன. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், "இது சர்தாரு. அது ஸ்ரீகிருஷ்ணா. மூணாவது புதுக் கொரலு" என்று காதோரம் சொன்னார்.

"மச்சி, நெட்டு வந்துருச்சுடா."

"வந்து இன்னா பிரயோசனம்? பூட்டு போட்டு வச்சிக்கிறாங்கோ."

"உசாராயிட்டாங்கோ நைனா. நம்மளுது ஓசின்னு தெரிஞ்சிபோச்சி."

"பெல் அடிச்சிக் கேட்டுப் பாக்கலாமா?" இது சர்தார்.

அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல இறுக்கமான பிடி.

"கேட்டுத் திட்டு வாங்கவா? நேத்து ஒரு அபார்ட்மென்ட்ல லிஃப்ட்ல ஏறுனதுக்கே வாட்ச்மேன் அந்தக் கத்து கத்துனான். வா, வேற எடம் பாக்கலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கேட்டுக்கு ஓடினேன். "ஏம்ப்பா, நில்லுங்க எல்லாரும்" என்றேன். என் குரல் எனக்குத் தெரியும். அன்பாகக் கூப்பிட்டாலும் அதட்டல்தான் வரும். மூன்று பேரும் என் ஐடி கார்டைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

"சாரி மேடம், தெரியாம யூஸ் பண்ணிட்டோம்."

"அதில்லப்பா, இந்த அம்மா என்ன சொல்றாங்கன்னா..."

"கம்ப்ளைன்ட் எதுவும் பண்ணாதீங்க மேடம், டெலிவரி கம்பெனில எங்க ஐடிய பிளாக் பண்ணிட்டா சோறு பூடும். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். பின்னாலேயே சந்து முனை வரைக்கும் ஓடினேன். ஐம்பது வயசுக்காரி எவ்வளவு தூரம் ஓட முடியும்?

திரும்பி வந்தபோது சன்னல் திரை விலகியிருந்தது. கைசர் ஜஹான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சர்தாருக்குத் தாடி கீதா?" என்றார். "கொரல வச்சி மீசகூட இருக்காதுன்னு நெனச்சேன்."

ரோஸ்மில்க்கை வீணாக்க மனசில்லாமல் நாங்கள் குடித்தோம். நதீம் நாலு கிளாஸ் குடித்தான். என் நம்பரை ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவங்க திரும்ப வருவாங்கம்மா, கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

போலி மெயில் நின்றுவிட்டது. ஸ்ரீரங்கன் மெயில் போக ஆரம்பித்தது. கணேசமூர்த்தி எல்லார் எதிரிலும் என்னைப் பாராட்டினார். நான் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் அந்த லைனைத் திறந்து பார்ப்பேன். எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்று ஒரு கட்டம் காட்டும். அதில் பூஜ்யம்தான் இருக்கும். சாயங்காலமும் பார்ப்பேன்.

ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. விரட்டிவிட்டவள் எந்த முகத்தோடு போவது என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு. அசோக் நகரில் நானும் தனியாகத்தான் இருக்கிறேன். பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காமல் படுத்துவிடுவேன். நிம்மதி, தொல்லையில்லை என்று எல்லாரிடமும் சொல்லுவேன். அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்தால் பயமாக இருந்தது. அதனால் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் மூன்றரை மணிக்குப் போன் வந்தது.

"புஷ்பமா? கைசர் ஜஹான் பேசுறேன். உன் கம்ப்யூட்டர்ல பாத்து ஒண்ணு சொல்லேன். அந்தப் பசங்க இப்ப எந்த வீட்டாண்ட நிக்கிறாங்கோ?"

"அது தெரியாதும்மா. எங்களுக்கு நம்பர்தான் தெரியும். ஆள் தெரியாது."

"சர்தார் பொண்டாட்டிக்கு இந்த மாசம்தான் சொல்லியிருந்தாங்கோ. ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா, ஒண்ணும் தெரியல. சரி. அப்ப அந்தப் பெட்டிய வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு நதீம."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமேம்மா. யாராவது வந்து கேப்பாங்க."

"பன்னெண்டு நாளாச்சு பேட்டி" என்றார். "நீயே வரலயே."

குரலில் கோபம் இல்லை. மணி என்ன என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். தேனாம்பேட்டையிலிருந்து அந்தச் சந்துக்கு நடந்தால் இருபது நிமிஷம்.