கத்தாமல் காய்ச்சிய பீர்

ஷூர் தான் காய்ச்சிய பீரை ஒரு வாய் குடித்தார். துப்பியிருப்பார், மனைவி குன்வோர் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கித் தொலைத்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"பரவால்லன்னா மூஞ்சி ஏன் இப்படிக் கோணுது?" குவளையைப் பிடுங்கி அவளும் ஒரு மடக்கு குடித்தாள். "பார்லிக் கஞ்சிய்யா இது! நுரை இல்ல, காரம் இல்ல, ஒரே தித்திப்பு. சனிக்கிழமை மக கல்யாணம். வர்றவங்களுக்கு இதைக் குவளையில குடுக்கவா, கரண்டியில ஊட்டவா?"

அன்று செவ்வாய்க்கிழமை. வோஸ் என்ற ஊர்ப் பக்கத்து மலைப் பண்ணைகளில் கல்யாண வீட்டுக்காரன் கடை பீர் வாங்கிக் கொடுத்தால், பேரன் கல்யாணம் வரைக்கும் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். ஷூருக்கு இருப்பதோ ஒரே மகள்.

"ஈஸ்ட் போடறப்ப கத்துனியா?"

ஷூர் பீப்பாயைப் பார்த்தார்.

பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டைப் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கத்தல் எவ்வளவு பலமோ, பீரும் அவ்வளவு பலம். ஆனால் கத்தினால் பக்கத்துப் பண்ணை தொர்க்கெலுக்குக் கேட்கும். கேட்டவர்கள் மூன்றாம் நாள் கூப்பிடாமலே ருசி பார்க்க வரலாம் என்பது வழக்கம். தொர்க்கெலின் கடா வேலி தாண்டி வந்து ஷூரின் பெட்டை ஆடுகளிடம் கைவரிசையைக் காட்டிய நாளிலிருந்து, மூன்று வருடமாக இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சு இல்லை. அதனால் ஷூர் ஜன்னலைச் சாத்திவிட்டு, பீப்பாய்க்குள் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல "ஓ" என்றிருந்தார்.

"கத்தலும் இல்ல, ஈஸ்ட்டும் ரெண்டு வருஷப் பழசு. அது எப்பவோ செத்துப்போச்சு" என்றாள் குன்வோர். "தொர்க்கெல் போன வாரம்தான் காய்ச்சினான். ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு அவன் கத்தல். போய்க் கேளு."

"அவன்கிட்டயா? என் பொணம் கூட..."

"உன் பொணத்துக்கு அப்புறம் பீர் ஊத்திக்கலாம். இப்ப மகளுக்கு ஊத்தணும்."

ஷூர் ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு போனார். தொர்க்கெல் கதவைத் திறந்து, ஜாடியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"என்னய்யா, வழி தவறி வந்துட்டியா?"

"ஈஸ்ட் வேணும்."

ஈஸ்ட் கேட்டு வந்தவனுக்கு அந்த ஊரில் யாரும் இல்லையென்று சொல்வதில்லை, விலையும் வாங்குவதில்லை. தொர்க்கெல் ஜாடி நிறைய ஊற்றினார். கொடுக்கும்போதுதான் சிரித்தார்.

"நன்றியெல்லாம் வேணாம். இது உன்னோடதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி என்னோடது கெட்டுப்போனப்ப உன் பொண்டாட்டிதான் வேலி வழியா குடுத்தா. உங்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னா."

வீடு வந்த ஷூர் மனைவியை முறைத்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பீரை மறுபடி கறந்த பால் சூட்டுக்குக் கொண்டுவந்து, பீப்பாயைக் கம்பளியால் சுற்றி, ஈஸ்ட்டை ஊற்றினார். சற்று நின்றார். பிறகு ஜன்னலை அகலத் திறந்து கத்தினார் பாருங்கள், நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. வேலிக்கு அப்பாலிருந்து பதிலுக்கு ஒரு கத்தல் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொர்க்கெல் சொந்தக் குவளையோடு வாசலில் நின்றார். ஷூர் ஊற்றினார். நுரை விளிம்பு தாண்டி வழிந்தது. தொர்க்கெல் ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஷூர் குவளையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லித் தொலைய்யா!"

"என்னோடதை விட நல்லா இருக்கு" என்றார் தொர்க்கெல், வேண்டாவெறுப்பாக.

ஷூருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கக் குனிந்து அவருடைய குவளையை மறுபடி நிரப்பினார்.

"நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துரு" என்றார். "கடாவை மட்டும் கட்டிப் போட்டுட்டு வா."